கரியாக வந்த துணி

கம்பி நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு உருவினேன். கரியாக வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டிய துப்பாக்கி. அதற்கப்புறம் தோட்டத்துக்குப் பன்றி வரவில்லை. நான் சுடவும் இல்லை.

கரியை விரலில் தேய்த்தேன். பிசுபிசுத்தது. மோந்தால் அழுகின முட்டை நாற்றம். கருமருந்துக் கரி பழசாகியிருந்தால் துருவோடு பொரிந்து வரும். இது இன்றைக்குச் சுட்டது.

இன்றைக்கா? காலையிலிருந்து பின்வாசலில் நாற்காலி போட்டுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தவன் நான். ரோட்டில் ஏதோ பெரிய லாரி போனது, நாற்காலி ஒருமுறை அதிர்ந்தது. பெண்டாட்டி கிணற்றடியில் குப்பை கொளுத்தினாள், புகை வந்தது. வேறொன்றும் இல்லை.

சுட்டவனுக்குக் கழுவவும் தெரியவில்லை. எண்ணெயைப் பூசி மாட்டிவிட்டான். இந்தக் கரிக்கு எண்ணெய் எந்த மூலைக்கு? கொதிக்கிற வெந்நீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழலைத் துரு தின்றுவிடும்.

மாப்பிள்ளைதான். வேறு யார்?

முதலாளி தோட்டத்தில் எனக்கிருக்கும் ராக்காவல் மேல் அவனுக்கு ஒரு கண். போன வாரம் முதலாளி வந்தபோது என் முன்னாலேயே இரண்டு பேரும் குசுகுசு. இந்த வீட்டில் இப்போது எல்லாருக்கும் குசுகுசுதான். மகளும் அப்படி, அவள் அம்மாவும் அப்படி. என்னைத் தள்ளிவிட்டு அவனை உட்காரவைக்கப் பார்க்கிறார்கள்.

சரி, எங்கே போய்ச் சுட்டான்? அவன் செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். தோட்டத்துச் செம்மண் இல்லை.

கிணற்றடிக்குப் போனேன். கோழிகள் பட்டப்பகலில் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. பாம்போ என்று கீழே பார்த்தேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓரம் கருகின சணல் உருண்டை கிடந்தது. மருந்துக்கு மேலே வைத்து இடிக்கிற அடைப்பு.

இங்கேயே சுட்டிருக்கிறான்!

நிமிர்ந்தேன். எதிரே என் நாற்காலியின் முதுகு தெரிந்தது. கல்லெறி தூரம்கூட இல்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். பெண்டாட்டி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் காதோடு வாயை வைத்தாள்.

"குண்டு போடாமத்தாங்க சுட்டோம். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. ராத்திரி பன்னி பின்னால வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை, திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான்.

துப்பாக்கியை எடுத்துவந்து அவன் கையில் திணித்தேன்.

"போய் வெந்நி வைங்க மாப்ளே. எண்ணெயப் பூசி யார ஏமாத்தப் பாக்குறீங்க?"

அவன் ஏதோ பதில் சொன்னான். குசுகுசுவென்றுதான்.

ஆனால் அவன் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மரத்திலிருந்த கோழிகள் மறுபடியும் மேல் கிளைக்குத் தாவின.