எங்க வூட்டுப் பொண்ணு

பெருநகர் கிராமத்தைத் தாண்டியதும் ஒரு மோட்டார் சைக்கிள் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து நின்றது. ரைஸ் மில் தாண்டவராயன் இறங்கி வந்தார்.

"எங்க வூட்டுப் பொண்ண எவளோ தூக்கினு வந்துட்டா. இந்த பஸ்லதான் கீறா."

கண்டக்டர் முனிரத்தினத்துக்குச் சட்டென்று பின் சீட்டு ஞாபகம் வந்தது. சேறு காயாத புடவையில் ஒரு கூலிக்காரப் பெண். மடியில் பூப்போட்ட கவுனோடு எட்டு வயதுச் சிறுமி. டிக்கெட் வாங்கும்போதே அவள் சிறுமியின் முகத்தை முந்தானையால் மறைத்தாள். அப்போதே கேட்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது அவருக்கு.

இருவரையும் கீழே இறக்கினார். ஜனங்கள் சூழ்ந்துகொண்டு பிள்ளை பிடிக்கிறவள் என்று ஏசினார்கள். ஒருவர் கட்டி வைக்கக் கயிறு தேடினார்.

அவள் பெயர் மார்த்தாளாம். ஊர் பழையசீவரமாம். இது அவள் மகளாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் நடவுக்குப் போயிருந்தபோது களத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளை யாரோ தூக்கிப் போய்விட்டார்களாம். இங்கே அறுப்புக்கு வந்த இடத்தில் இன்றுதான் பார்த்தாளாம்.

"பேரச் சொல்லிக் கூப்டேன் சார். திரும்பிப் பாத்துச்சு."

"இவ்ளோ பெரிய மனுஷன் பொய்யா சொல்றாரு?" என்று அதட்டிய முனிரத்தினம், சிறுமி பக்கம் குனிந்தார். "பயப்படாத பாப்பா. இந்தம்மா யாரு?"

சிறுமி தாண்டவராயனைப் பார்த்தாள்.

"மெரட்டி வெச்சிருக்கா" என்றார் அவர். "வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

அவர் கையை நீட்டியதும் சிறுமி மார்த்தாளின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முனிரத்தினத்துக்கு என்னவோ உறுத்தியது.

"சரி, இவரு யாருன்னாவது சொல்லும்மா."

புடவைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மொதலாளி."

கூட்டம் தாண்டவராயன் பக்கம் திரும்பியது. யாருமில்லாத பிள்ளை என்று எவளோ கொண்டுவந்து விட்டதாகவும், வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று வைத்துக்கொண்டதாகவும் அவர் முணுமுணுத்தார்.

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. ஏறுங்க" என்றார் முனிரத்தினம்.

அவர் ஏறவில்லை. மோட்டார் சைக்கிள் வந்த வழியே திரும்பியது.

தாயையும் மகளையும் முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு முனிரத்தினம் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. சிறுமி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"யம்மா, நான் கொஞ்சம் தூங்கட்டுமா?"