சிவப்பு கில்ஹூலி

"டீலியா, வாசல்ல ஒரு அமெரிக்காக்காரர் நிக்கிறார். அவரும் கில்ஹூலியாம்," என்று கணவன் ஃபின்டன் சொன்னதுமே டீலியா செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"உள்ள கூப்பிட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. அயர்லாந்துல பூர்வீகத்தத் தேடி வந்திருக்காராம். நம்ம சொந்தமாத்தான் இருக்கும்."

"சொந்தமாம், சொந்தம். ஏரிக்கரை நிலம் பத்திரத்துல இன்னும் யார் பேர்ல இருக்கு? அமெரிக்கா போன உன் தாத்தாவோட அண்ணன் தாமஸ் பேர்ல. பூர்வீகத்தத் தேடி வர்றவங்க அடுத்து பத்திரத்தத் தேடுவாங்க. அந்த நிலம் போச்சுன்னா நம்ம மாடெல்லாம் சமையல்கட்டுலயா மேயும்? நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கறேன்."

கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே எழுபது வயதுப் பெரியவர். தலையில் புத்தம்புது பச்சைத் தொப்பி. பெயர் வால்டர். பாஸ்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம்.

"என் தாத்தா தாமஸ் கில்ஹூலி இந்த ஊர்லதான் பிறந்தார்மா."

"இந்த ஊர்ல கண்ண மூடிக்கிட்டு ஒரு கல்ல எறிஞ்சா ஏதாவது ஒரு கில்ஹூலி மேலதான் விழும். நாங்க கறுப்பு கில்ஹூலி. நீங்க தேடறது சிவப்பு கில்ஹூலியா இருக்கும்."

"அப்படியெல்லாம் இருக்கா?"

"முடி நிறத்த வச்சுப் பிரிச்சது. சிவப்புல இப்ப ஒருத்தர்கூட இல்ல. பாவம், வம்சமே போயிடுச்சு."

அவளுக்குப் பின்னால் நின்ற ஃபின்டன், தன் செம்பட்டை முடியை மெல்லத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டான்.

"அவங்க வாழ்ந்த வீடாவது இருக்காம்மா?"

"அதோ, மேட்டுல கூரையில்லாம நாலு சுவர் நிக்குதே, அதுதான்."

அது பக்கத்துத் தோட்டத்து டுவோகியின் பழைய மாட்டுக் கொட்டகை.

பெரியவர் நன்றி சொல்லிவிட்டு மேடேறிப் போனார். சுவரைத் தடவினார். மண்டியிட்டார். கைக்குட்டையை எடுத்தார். டீலியா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"மனுஷன் தண்ணித் தொட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறார் டீலியா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"அழட்டும். அழுது முடிச்சா கார்ல ஏறிப் போயிடுவார்."

அப்படியேதான் போனார். போகும்போது ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் லவெல் அவளைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார்.

"வால்டர் உங்க ரெண்டு பேர் கையில குடுக்கத்தான் எடுத்துக்கிட்டு வந்தார். நீ பயந்து போய் நிக்கிறதப் பாத்துட்டு எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்டார்."

பிரித்தாள். ஏரிக்கரை நிலத்தில் தனக்கு எந்தப் பாத்தியமும் வேண்டாம், எல்லாம் ஃபின்டனுக்கே என்று வக்கீல் முன்னால் போட்ட கையெழுத்து. தேதி, அவர் அவள் வாசலில் வந்து நின்றதற்கு முதல் நாள்.

"எங்க வீடுன்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா ஃபாதர்?"

"கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டப் பாத்துட்டு, எங்கிட்ட வழி கேட்டுக்கிட்டுத்தானே வந்தார்."

"அப்புறம் எதுக்கு டுவோகி கொட்டகையில போய் அப்படி அழுதார்?"

"நீ ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருந்தியாம். நீ சொன்னத நம்பாத மாதிரி சும்மா திரும்பிப் போனா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு பாத்தாராம்."

டீலியாவுக்குக் காதெல்லாம் சிவந்தது. "நிலம் வேணாம்னா, அவ்வளவு தூரத்துலேருந்து எதுக்குத்தான் வந்தாராம்?"

"தாத்தா பிறந்த வீட்டு அடுப்பங்கரையில உக்காந்து, சொந்தக்காரங்க கையால ஒரு கப் டீ குடிக்கணுமாம்," என்ற ஃபாதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தனை கப் குடுத்தே?"