மூன்றாவது பெடல்

"சார், மாத்திச் சொல்றீங்க. மேனுவலைத்தானே ஆட்டோமேட்டிக்கா மாத்தணும்?"

"இல்லப்பா. ஆட்டோமேட்டிக்கை மேனுவலா மாத்தணும். காலுக்கு கிளட்ச் வேணும், கையால கியர் போடணும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

"கியர் பாக்ஸையே இறக்கணும் சார். மூணாவதா ஒரு பெடல் வைக்கணும், வயரிங்கை மாத்தணும். இதே மாடல்ல அடிபட்ட வண்டி ஒண்ணு பின்னாடி கிடக்கு, அதுலேர்ந்து எடுத்துப் போடலாம். மூணு வாரம் ஆகும். நல்லா ஓடற வண்டியை எதுக்கு சார் வம்பா..."

வந்தவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். லீவு நாளிலும் கழுத்தில் விசில் தொங்கியது.

"மானப் பிரச்சினைப்பா. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் பாக்கியில்லாம கிண்டல் பண்றாங்க. 'வண்டிதான் தானா ஓடுதே, நீங்க எதுக்கு சார் கூடப் போறீங்க'ன்னு கேக்கறாரு சயின்ஸ் வாத்தியார்."

"வாங்கும்போதே கியர் வண்டியா வாங்கியிருக்கலாமே?"

"நான் லைசென்ஸ் எடுத்ததே கியர் வண்டியிலதான். எல்லாம் இவளால வந்தது." பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். "எனக்கு கிளட்ச் வராது, ஆட்டோமேட்டிக்தான் வேணும்னு ஷோரூம்லயே அடம் பிடிச்சா. ஒன்பது வருஷமா என் இடது கால் சும்மாவே உக்காந்திருக்கு."

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்கு வாத்தியார் மேல் பரிதாபமாக இருந்தது.

கிளம்பிப் போனவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, கழட்டற பழைய கியர் பாக்ஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பத்திரமா வைங்க."

'பழைய இரும்பைக்கூட விடமாட்டாங்க போலிருக்கே இந்தம்மா' என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

மூன்று வாரத்தில் வண்டி தயார். வாத்தியார் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

"திங்கட்கிழமை ஸ்டாஃப் மொத்தத்தையும் ஸ்கூல் கேட் கிட்ட நிக்கச் சொல்லியிருக்கேன். செகண்ட் கியர்ல உள்ளே வந்து, கிரவுண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு. அப்புறம் பேசட்டும் சயின்ஸ் வாத்தியார்!"

ஏறினார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"கிளட்ச் டைட்டா இருக்குப்பா."

மெக்கானிக் ஏறி ஓட்டிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது.

இரண்டாவது தடவை, "ஷூ புதுசு, வழுக்குது" என்று கழற்றி வைத்தார். மூன்றாவது தடவை வெயில் கண்ணில் அடித்தது. நான்காவது தடவை வண்டி பாய்ந்து போய், கழிவு எண்ணெய் வாளியைக் கவிழ்த்துவிட்டு, பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பதறி இறங்கிய வாத்தியார் சாக்ஸோடு எண்ணெயில் கால் வைத்தார். கால் கழுவப் பின்பக்கக் குழாயடிக்கு நடந்தார்.

வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மெக்கானிக் கீழே குனிந்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் நகர்த்தறேன்" என்று அந்த அம்மா ஏறி உட்கார்ந்தாள்.

"ஐயையோ, வேண்டாம்மா!"

சொல்லி முடிப்பதற்குள் வண்டி பின்னால் போயிற்று. அங்கே நின்ற இரண்டு கார்களுக்கு நடுவில், இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, ஒரே மூச்சில் போய் நின்றது.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். "ஏம்மா, உங்களுக்கு கிளட்ச் வராதுன்னு..."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் எங்கப்பாவோட பேக்கரி வேனை நான்தான் ஓட்டினேன். வேன்ல கூடப் போவேன்னு மட்டும்தான் இவருக்குத் தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

குழாயடிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஷோரூம்ல முதல்ல கியர் வண்டியைத்தான் ஓட்டிப் பாக்கக் கொடுத்தாங்க. இன்னிக்கு மாதிரியேதான். சேல்ஸ்மேன் சிரிச்சுட்டான். இவரு முகம் அப்படியே தொங்கிப் போச்சு. எனக்குத் தாங்கலைண்ணே. எனக்குத்தான் வராதுன்னு சொல்லிட்டேன். போகப் போக அதையே அவரும் நம்பிட்டாரு."

"ஒன்பது வருஷமாப் பேச்சு வாங்கறீங்களே!"

"விருந்தாளி வந்தா கொஞ்சம் கூடுதலா இருக்கும். பழகிடுச்சு."

மெக்கானிக் மூலையைப் பார்த்தார். அங்கே சாக்கில் சுற்றி வைத்த பழைய கியர் பாக்ஸ் இருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வாத்தியார் ஈரக் காலோடு வந்தார். "வண்டியை யாரு நகர்த்தினது?"

"அண்ணன்தான்" என்றாள் மனைவி. "என்னங்க, நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

"நீயா? சரி, ஆசைக்கு ஒரு தடவை."

வண்டி குதித்து அணைந்தது. மறுபடி குதித்து அணைந்தது. மூன்றாவது தடவை, "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களால்தான் இவ்வளவு மோசமாக ஓட்ட முடியும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

"எனக்கு வராதுங்க. நீங்க வண்டி எடுக்காத நாள்ல இதை வச்சுக்கிட்டு நான் எப்படி ஆபீஸ் போவேன்? பழையபடியே மாத்திடுங்களேன். ஸ்டாஃப் ரூம்ல என் பேரைச் சொல்லிக்குங்க."

அதுவரை வாடியிருந்த வாத்தியாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது, விசில் ஆடியது.

"பழைய கியர் பாக்ஸ் இருக்காப்பா?"

"பத்திரமா இருக்கு சார்."

"அதையே மாட்டிடு. எனக்கென்ன, ரெண்டு நாள் ஓட்டினா கை வந்துடும். ஆனா என்ன பண்றது?" மெக்கானிக்கின் தோளில் கை போட்டுப் பெருமூச்சு விட்டார். "குடும்பம்னு வந்துட்டா, பொண்டாட்டிக்காக நாமதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்."