மேலதிகப்பற்று

"உங்கடை கணக்கிலை காசு முடிஞ்ச பிறகும் எடுபடுது அக்கா. அதைத்தான் மேலதிகப்பற்று எண்டுறது."

ஆரபி சுன்னாகத்து வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான். கணக்கு விவரத் தாளை மகாதேவியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

மகாதேவியின் கணவர் குகதாசன் வெங்காய வியாபாரம் செய்த நாளில் இருவர் பெயரிலும் திறந்த கணக்கு அது. வியாபாரம் படுத்துவிட, அவர் கத்தாருக்குப் போனார். வங்கி அட்டையைக் கையோடு கொண்டு போயிருந்தார்.

மாதத்துக்கு ஒரு தடவை தோஹாவில் காசு எடுபட்டிருந்தது.

ஆரபி பேனை முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினாள். எடுத்த தொகை. வெளிநாட்டில் எடுத்ததற்குக் கட்டணம். கட்டி முடிக்கும்வரை நாளுக்கு நாள் ஏறும் வட்டி. வங்கி விட்ட எல்லையைத் தாண்டினால் அதற்கொரு தண்டம்.

மகாதேவிக்கு இதெல்லாம் முதல் மாதமே விளங்கிவிட்டது. தோட்டத்து வெங்காயம் விற்ற காசில், கணக்கை வங்கி முடக்காமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைக் கொண்டுவந்து கட்டுவாள்.

இன்றும் கட்டியிருந்தாள்.

"அண்ணை போன் எடுத்துக் கதைக்கேக்கை சொல்லுங்கோ, அங்கத்தைச் சம்பளத்திலை எடுக்கச் சொல்லி."

"ஓம்," என்றாள் மகாதேவி. அவள் கண் கடைசி வரியின் திகதியில் இருந்தது. ஆறாம் திகதி. போன வெள்ளிக்கிழமை.

ஆரபி நல்ல செய்தி சொல்பவளாகச் சிரித்தாள். அட்டை இந்த மாதக் கடைசியோடு காலாவதியாகிறதாம். அதற்குப் பிறகு அங்கே ஒரு சதமும் எடுக்க முடியாது. நட்டம் தானாக நின்றுவிடும்.

மகாதேவி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"புதுசு ஒண்டு அவருக்கு அனுப்பேலாதோ, தங்கச்சி?"

ஆரபி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கணவரின் பெயரை மகாதேவி முழுதாக எழுதினாள். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்காமலே எழுதினாள். தற்போதைய விலாசம் என்ற இடத்தில் பேனை நின்றது.

குகதாசன் கடைசியாகக் கதைத்துப் பதினாறு மாதம். அவர் கதைத்த தொலைபேசி இலக்கமும் இப்போது பாவனையில் இல்லை. கூடப் போனவர்களுக்கும் அவர் எங்கே என்று தெரியவில்லை.

காசு எடுபட்ட ஒவ்வொரு மாதமும் அவர் உயிரோடு இருந்தார்.

அவள் படிவத்தை நான்காக மடித்தாள்.

"விலாசத்தை அவரிட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு வாறன்," என்றாள்.