மிஞ்சாணி

என் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறக்க எனக்கே அனுமதி இல்லை என்றது லேப்டாப்.

முத்துமாரி என்று அதற்குப் பெயர் வைத்தது நான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அடித்ததும் நான். இப்போது வாசலிலேயே நிறுத்தி நீ யார் என்கிறது.

சர்வீஸ் கடை ஆரிப் அண்ணன் சிரித்தார். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால் இப்படித்தான் கேட்குமாம். எங்கெங்கோ க்ளிக் செய்து ஃபோல்டரை என் லேப்டாப்பின் பேருக்கு மாற்றினார். பட்டா மாத்துற மாதிரிதான் என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் மாற்றுவது எத்தனை சுலபம் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

சங்கரன்கோவில் தறிக்காரர்களின் தொழிற்சொற்களைச் சேர்த்து எம்ஃபில் ஆய்வேடு எழுதியவள் நான். வழிகாட்டி, பேராசிரியர் வெள்ளத்துரை. ஏழு வருஷம் கழித்து அந்தச் சொற்பட்டியல் புத்தகமாக வந்திருக்கிறது. அட்டையில் அவர் பெயர். நன்றியுரையில் அவர் மைத்துனர்கூட இருக்கிறார். நான் இல்லை.

புகார் கொடுத்தேன். கல்லூரியில் விசாரணைக் குழு போட்டார்கள். அவர் சொன்ன பதிலை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பட்டியல் அவரே சேர்த்ததாம். படிக்காத வீட்டுப் பிள்ளை, பாவம் என்று எனக்கு எடுத்துக் கொடுத்தாராம்.

பாவமாம்.

வெயிலில் ஒவ்வொரு தறி ஷெட்டாக ஏறி இறங்கியது யார்? அந்தச் சத்தத்தில் காதோரம் கத்திக் கத்தி ஒரு சொல்லுக்கு நாலு தடவை கேட்டது யார்? அம்மாவோடு உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண்கள், ஏட்டி, இந்த வார்த்தையெல்லாம் கொண்டுபோனா எந்த ஆபீஸ்ல நாற்காலி போடுவான் என்று என்னைத்தான் கேலி செய்தார்கள். அவர் அந்தத் தெருப் பக்கம் கார் கண்ணாடியைக்கூட இறக்கியதில்லை.

பைண்ட் செய்த பிரதிகளைக் கையெழுத்துக்கு என்று வாங்கியவர் திருப்பித் தரவேயில்லை. கல்லூரி நூலகத்திலும் காணோம். நாளைக்குள் தேதியுள்ள ஆதாரம் வேண்டும் என்றது குழு. அதற்குத்தான் பரணில் கிடந்த கம்ப்யூட்டரைப் பிரித்து இந்த டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டுத் தூக்கி வந்தேன்.

ஃபைல் திறந்தது. ஒரு சொல் குறையவில்லை.

தேதியைப் பார்த்தேன். 01-01-2002.

எல்லா ஃபைலுக்கும் அதே தேதி. அன்றைக்கு எனக்கு ஏழு வயது.

போர்டில் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்திருக்கும், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழசுக்கே போயிருக்கும் என்றார் ஆரிப் அண்ணன். ஆமாம். தினமும் எஃப்1 அமுக்கச் சொல்லும். அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இரண்டாவது கையாக வாங்கிய கம்ப்யூட்டர், ஓடினால் போதும் என்று இருந்தேன்.

இதைக் கொண்டுபோனால் வெள்ளத்துரை சிரிப்பார். ஒண்ணாம் வகுப்பிலேயே எம்ஃபில்லா என்பார்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு திரையில் வரிவரியாக ஒப்பிட ஆரம்பித்தேன்.

இருநூற்று முப்பத்தேழாவது சொல்லில் விரல் நின்றது. நானே மறந்துபோயிருந்த சொல்.

மிஞ்சாணி: நெய்து முடித்தபின் தாரில் மிஞ்சி நிற்கும் நூல்.

புத்தகத்திலும் என் விளக்கம் அப்படியே. கீழே அவர் சொந்தமாக இரண்டு வரி சேர்த்திருந்தார். மிஞ்சு என்னும் வினையடியாகப் பிறந்த பழஞ்சொல்லாம். நெசவுப் பெண்டிரிடம் அவரே நேரில் கேட்டுப் பதிவு செய்தாராம்.

ஆரிப் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“எங்க மாமனார் வீட்ல இருவது வருசமா தறி ஓடுது. இப்படி ஒரு வார்த்த நான் கேட்டதே இல்லியேம்மா.”

கேட்டிருக்க முடியாது.

நானூறு சொல் இல்லாமல் என் முன்னால் வராதே என்று வெள்ளத்துரை சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கேட்பதற்கு வீடு மிச்சமில்லை. கொடுக்க வேண்டிய அன்று காலையில் ஒன்றை நானே உண்டாக்கி, கண்ணில் படாதபடி நடுவில் செருகினேன்.

இந்த ஊரில் அதை ஒரு வாய் சொன்னதில்லை. நான்கூட.

எத்தனை பக்கம் பிரிண்ட் வேண்டும் என்று கேட்டார் ஆரிப் அண்ணன்.

“அந்த ஒரு பக்கம் போதும்ணே.”

நாளைக்கு அதைக் குழுவின் மேசையில் வைத்து என் பொய்யை நானே சொல்லப்போகிறேன். என் பட்டத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டும்.

நேரில் கேட்டவர், யாரிடம் கேட்டார் என்று சொல்லட்டும்.