டாலர் கொடுத்து வாங்கிய தாத்தா

"செத்துப்போன நம்ம தாத்தன் பேரைச் சொல்றதுக்கு, அமெரிக்காக்காரனுக்கு இன்னாத்துக்குய்யா தண்டம் அழுவணும்?" என்று கேட்டாள் சுந்தராம்பாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா கெட," என்றார் தாண்டவராயன்.

ஒரகடம் பக்கம் நிலம் விற்றவர்களுக்கு முதலில் கார் வரும். அப்புறம் வீட்டுக்கு கிரானைட் தரை வரும். அதுவும் பழகிப்போனால் வம்சப் பெருமை தேவைப்படும். தாண்டவராயனுக்கு இப்போது அந்த மூன்றாவது வியாதி. வருகிற தையில் அறுபதாம் கல்யாணம். படப்பை கூட்ரோட்டில் வைக்கப்போகிற ஃப்ளெக்ஸ் போர்டில் 'ராஜ வம்சத்து வாரிசு' என்று போட்டே ஆகவேண்டும். அதற்குள் வல்லத்தில் மிச்சமிருந்த, அப்பா விட்டுப்போன ரோட்டோர நிலமும் ஒரு கம்பெனிக்குப் பத்திரமாகிவிடும். அந்தப் பணத்தை நம்பித்தான் மண்டபமே பேசி வைத்திருந்தார்.

படப்பையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ராஜசேகர்தான் இந்த யோசனையைச் சொன்னவன். வாலாஜாபாத் பையன். அமெரிக்க வெப்சைட் ஒன்றில் பணம் கட்டினால் பதினைந்து தலைமுறை வரை தோண்டிக் கொடுப்பார்கள் என்றான். டாலரை அங்கே கட்டினால் போதும், தனக்குக் கமிஷன்கூட வேண்டாம் என்றான்.

"கமிஷன் வாணாங்கிறான் பாரு, அதான் எனக்கு டவுட்டா கீது," என்று புருஷன் காதைக் கடித்தாள் சுந்தராம்பாள். "இவன் முழியே சரியில்ல."

ராஜசேகர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டான். "அப்பா பேரு சார்?"

"எல்லப்பன்."

"அவருக்கு எத்தினி பசங்க?"

"ஒண்ணே ஒண்ணு. நான்தான்."

ராஜசேகர் உதட்டைப் பிதுக்கினான். "கஷ்டம் சார். ராஜ வம்சம்னா ஆலமரமாட்டம் கிளை விட்டுப் படரணும். இது பனைமரமாட்டம் ஒத்தையா நிக்குது. சைட்டு ஒத்துக்காது."

பனைமரம் என்றது தாண்டவராயனுக்குச் சுருக்கென்று தைத்தது. "தம்பி ஒருத்தன் இருந்தான். தணிகாசலம். அவனையும் போட்டுக்க."

"யோவ்!" சுந்தராம்பாள் அவர் விலாவில் இடித்தாள். "நீதான் ஒரே வாரிசுன்னு தாலுக்கா ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கி வெச்சிகினு, இப்ப இன்னாத்துக்குய்யா அவன் பேரு?"

"அட லூசு! அமெரிக்காக்காரனுக்குத் தெரிஞ்சா இன்னா? அவன் இன்னா பிளேன் ஏறி வந்து வல்லத்துல பங்கு கேக்கப்போறானா? தணிகாசலம் எவளையோ கட்டிகினு ஓடி முப்பது வருஷம் ஆவுது. கீறானோ, பூட்டானோ!"

"பேரு மட்டும் சொன்னா பத்தாது சார்," என்றான் ராஜசேகர். "ஆதாரம் எதனா கேப்பாங்க."

மறுநாளே தாண்டவராயன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருந்த பழைய ரேஷன் கார்டைக் கொண்டுவந்தார். எல்லப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் பையன்கள் நிற்கிற போட்டோவையும் கொண்டுவந்தார். ராஜசேகர் அந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஸ்கேன் நல்லா வருமான்னு பாக்கறேன் சார்."

வம்சாவளியை பிரிண்ட் எடுத்து நீட்டினான். அடியில் தாண்டவராயன் பச்சை இங்க்கில் கையெழுத்துப் போட்டார். பட்டாபிஷேகத்துக்குப் போடுவதுபோல அத்தனை நீளம்.

பத்திரப் பதிவுக்கு முதல் நாள், கண்ணாடிச் சட்டம் போட்டு வம்சாவளியை வீட்டுக்கே கொண்டுவந்தான் ராஜசேகர். உச்சியில் முத்துவைத்த தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக ஒரு மன்னர் வீற்றிருந்தார்.

"இன்னா இவரு, அடகுக்கடை சேட்டு மாரி கீறாரு?" என்றாள் சுந்தராம்பாள்.

"அந்தக் காலத்து டிரஸ்ஸும்மா."

தாண்டவராயன் சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "மூக்கைப் பாருடி! அப்படியே எங்கப்பா மூக்கு!" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, நீயே இவளுக்குச் சொல்லு. கட்டின பணத்துக்கு இது வொர்த்தா, இல்லியா?"

ராஜசேகர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பத்திரம் எழுதுகிறவர்.

"நாளைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கெடையாதுங்க. கம்பெனி வக்கீல் நிறுத்திட்டாரு. உங்க தம்பிக்குப் பாதிப் பங்கு கீதாமே? நீங்களே கையெழுத்துப் போட்ட வம்சாவளி, ரேஷன் கார்டு, போட்டோன்னு எல்லாத்தையும் காத்தாலயே ஒரு பையன் கொண்டாந்து குடுத்துட்டானாம். தம்பி கையெழுத்து இல்லாம ஒரு சென்டுகூட வாங்க மாட்டாங்களாம்."

"தணிகாசலத்துக்குப் பாதிப் பங்கா?" என்று ரிசீவரில் கத்தினார் தாண்டவராயன். அவர் முகத்தைப் பார்த்ததுமே சுந்தராம்பாளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கே சொன்னேனே, இவன் முழியே சரியில்லன்னு! யார்றா நீ?"

ராஜசேகர் வாசலில் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"முழி தாத்தாவோடது பெரியம்மா. நானே அந்த போட்டோலதான் மொத மொதல்ல பாத்தேன்." தாண்டவராயன் பக்கம் திரும்பினான். "கட்டின பணத்துக்கு வொர்த்துதான் பெரியப்பா. உங்களுக்கு ஒரு ராஜா கெடச்சாரு, எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் கெடச்சாரு."