ஒரு நிமிட அமைதி

பத்திரிகைக்கு எழுதுவதே சுகம், பேனாவுக்கு இருமல் கேட்காது என்று பல்லைக் கடித்தாள் ஆவணப்பட இயக்குநர் சங்கரி. கொல்லயில் கிராமத்தில் குற்றாலிங்கத்தின் வீட்டில் பேட்டி முடிந்துவிட்டது. படத்தொகுப்பில் வெட்டும் இடங்களில் ஒட்டுப்போட, அந்த அறையின் வெறும் அமைதி ஒரு நிமிடம் பதிவாக வேண்டும். ஒவ்வொரு முறையும் யாரோ இருமிக் கெடுத்தார்கள்.

“மாமா, ஒரு நிமிசம் அடக்கப்பிடாதா?”

“நான் இல்ல மக்கா, வாயைப் பொத்திட்டாக்கும் இருந்தேன்” என்றார் குற்றாலிங்கம்.

குற்றாலிங்கம் உட்பட எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டினாள். பதிவுக்கருவியை மேசைமேல் ஓடவிட்டு, தானும் வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

பிறகு போட்டுக் கேட்டாள். ஒரு நிமிடம் முழுக்க இருமலே இல்லை. அப்பாடா என்று நிறுத்தப்போனபோது, மைக்குக்கு மிக அருகில், அதுவரை மூச்சை அடக்கியிருந்த ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

“இனி இருமலாமா மக்கா?”